வூலமாயில் பிடித்த மீன்

கராஜில் இருந்த பெரிய ஃபிரீஸரின் மூடியை நிரஞ்சினி வேண்டுமென்றே சத்தமாகத் திறந்தாள். உள்ளே கிடந்த பட்டாணிப் பைகளையும் பரோட்டாப் பெட்டிகளையும் அங்குமிங்கும் தள்ளினாள். தேடுகிற சத்தம் கேட்க வேண்டும். கராஜுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில்.

"கிடைச்சதே பிள்ளை?" அப்பாவின் குரல் சுவரால் மெலிந்து வந்தது.

"ஓம் அப்பா. அடியில கிடந்தது."

அடியில் ஒன்றும் கிடக்கவில்லை. மீன் காரின் டிக்கியில், சுப்பர்மார்க்கெற் பைக்குள் இருந்தது. காலையில் கடை திறக்க முன்னமே போய் வாசலில் நின்று வாங்கி வந்தது. அதை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரித்து, லேபிளைச் சுருட்டி ஜாக்கெற் பைக்குள் திணித்தாள். உள்ளே செம்மஞ்சளாய், மழமழவென்று, படம் வரைந்த மாதிரிக் கிடந்தது மீன்.

வீட்டுக்குள் போகும் கதவைத் திறந்துகொண்டு அவள் கணவன் ஸ்ரீகாந்தன் எட்டிப் பார்த்தான். பார்த்த உடனே விளங்கிவிட்டது அவனுக்கு.

"என்னப்பா செய்யிறீர்?"

"மெல்லக் கதையுங்கோ."

"ஃபிரீஸர் பழுதாப் போச்சு, எல்லாத்தையும் எறிஞ்சிட்டம் எண்டு சொல்லுமன். மாமா எழும்பி வந்து பாக்கப் போறாரே?"

அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் அப்பா மீன் இல்லாமல் போவார். இந்தப் பொய்யில் மீன் என்று ஏதோ ஒன்றாவது அவர் வாய்க்குள் போகும். நிரஞ்சினி அவனைத் தாண்டிக் குசினிக்குப் போனாள்.

அப்பா கேட்ட மீன் எதுவென்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவள் பட்ட வெட்கம் உங்களுக்கு விளங்காது.

அப்பா சிவசோதி ஊரில் மீன் பிடித்த மனிதர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். தூண்டிலைக் கையில் எடுத்ததே மெல்பேணுக்கு வந்து, மனைவியும் போன பிறகுதான். கோயிலில் பழக்கமான கிருபானந்தன் ஒரு சனிக்கிழமை அவரைக் கடலுக்குள் நீளும் மோர்னிங்டன் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிருபா அகதியாய்ப் படகில் வந்தவன். கோழி இறைச்சி வெட்டும் இடத்தில் வேலை. இன்றுவரை தற்காலிக விசா. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கிழவரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி வர முன்னம் சமன், அதாவது சால்மன் மீன், பற்றிய வகுப்புத் தொடங்கிவிடும்.

"சமன் எண்டு சொல்லுறதெல்லாம் சமனில்லை, தம்பி. ஊரில சமன் ரின் எண்டு வாங்கித் திண்டமே, அது வேற ஏதோ மீன். கடையில செம்மஞ்சளாக் கிடக்கிறது தஸ்மேனியாவில கூட்டுக்க வளர்க்கிறது. ஏரியில விடுற சினூக் எண்டால் வாயைத் திறந்து பார், பல்லு முரசு கறுப்பா இருக்கும். நான் பிடிக்கிறது கடல் சமன். உள்ளுக்குச் சாம்பல் சதை. ஆனா அதிலயும் ஏமாறக் கூடாது. வால் நுனி ரண்டும் கறுப்பெண்டால் அது ரொமி றஃப். தலைப்பக்கமாத் தடவினால் அரம் மாதிரி நிக்கும்."

"ஆணோ பெண்ணோ எண்டும் பாப்பியளோ அண்ணை?" என்று ஒருமுறை யாரோ கேட்டார்.

"அதுக்கு வயித்தைக் கீற வேணும். உன்ரைய முதல் கீறிப் பாப்பமே?"

எல்லாரும் சிரித்தார்கள். நிரஞ்சினியும் சிரித்தாள். ஆனால் அவர் சொன்னதைக் காதில் போட்டவள் இல்லை. அவளுக்கு அந்த மீன் வாசம்தான் பிரச்சினை. முதன்முதல் அவர் கொண்டு வந்ததைச் சமைத்த அன்று ரோவில் புறநகரில் இருந்த அவர்கள் வீடு முழுக்க, திரைச்சீலை, சோபா, அவள் கந்தோருக்குப் போடும் கோட், எல்லாவற்றிலும் வாசம் ஏறிவிட்டது. மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்த பெண் கதிரையை மெதுவாக நகர்த்தியதை அவள் கண்டாள். அதற்குப் பிறகு அப்பா பேப்பரில் சுற்றிக் கொடுக்கிற மீன் எல்லாம் பச்சை மூடிக் குப்பைத் தொட்டிக்குத்தான் போனது. "மீன் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்பார். "நல்லாயிருந்தது அப்பா, கந்தோருக்குக் கொண்டு போனனான், எல்லாரும் கேட்டவை" என்பாள். அவரும் சந்தோசமாய் அடுத்த கிழமை போவார். தன்னுடைய மீனை அவர் உண்மையில் தின்றது டண்டினோங்கில், கிருபாவின் வாடகை அறையில்தான்.

போன குளிர்காலத்தில் பிலிப் தீவின் வூலமாய்க் கடற்கரையில் முழங்கை நீளத்துக்கு ஒன்று அகப்பட்டது. அதை அவர் தானே கழுவித் துண்டு போட்டுக் கொடுத்தார். "இதை எடுத்து வை. விமலா சிட்னியில இருந்து வரேக்க சமைப்பம்." அன்றைக்கு ஸ்ரீகாந்தனின் மனேஜர் சாப்பிட வர இருந்தார். அதுவும் தொட்டிக்குத்தான் போனது. அடுத்த மாதம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

இப்போது அவர் தங்கை விமலாதேவி சிட்னி வெஸ்ட்மீட்டில் இருந்து வந்து அவர் கட்டிலருகே இருந்தாள். நேற்றுப் பின்னேரம் தங்கையைக் கண்டதும் அவர் கேட்டது அந்த மீனைத்தான். நாளெல்லாம் ஒரு கரண்டித் தண்ணிகூட இறங்காத மனிதர் கேட்டார்.

தூள் போட்டுக் குழம்பு வைத்தால் எந்த மீனும் சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் மருந்தால் அவர் வாயெல்லாம் புண். உறைப்புப் படக் கூடாது. சொதிதான் வைக்க வேண்டும். நிரஞ்சினி மீனின் தோலை உரித்தாள். புளித் தண்ணியில் ஊற வைத்தாள். மஞ்சளை இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டாள். தேங்காய்ப்பாலில் இறக்கியதும் அந்தச் செம்மஞ்சள் வெளிறி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மஞ்சள் ஏறிய பாலின் மேல் எண்ணெய் சின்னச் சின்ன வட்டமாய் மிதந்தது. கறிவேப்பிலையை அள்ளி மேலே போட்டு மூடினாள்.

வாசல் மணி அடித்தது. கிருபா நிற்கிறான். அன்றைக்கு அப்பாவின் வூலமாய் மீனைக் கடலில் இருந்து வலையில் ஏந்தி எடுத்தவன் அவன்தான். இவன் இன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

"ஐயா எப்பிடி, தங்கச்சி?"

"இருக்கிறார். சாப்பாடு குடுக்கப் போறன். நீங்கள் பிறகு..."

"ஆரது, கிருபாவே?" உள்ளிருந்து அப்பா கூப்பிட்டார். "வா, வா. நல்ல நேரத்துக்கு வந்தாய். எங்கட மீன்."

நிரஞ்சினி கிண்ணத்தைக் கொண்டுபோனாள். ஸ்ரீகாந்தன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினான். விமலாதேவி தமையனின் கழுத்தில் துவாயை விரித்தாள். விரித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதென்னடி பிள்ளை, இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

ஒட்சிசன் மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீகாந்தன் கட்டிலின் பொத்தானை இன்னொரு தரம் அமத்தினான். கிருபா கிண்ணத்தைப் பார்த்தான். பார்த்த பிறகு தன் கை நகங்களைப் பார்த்தான்.

அப்பாவும் பார்த்தார். ஆறுதலாகப் பார்த்தார். வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து இருத்தி, இது அது இல்லை, அது இது இல்லை என்று சொல்லிக் கொடுத்த கண்கள். பிறகு வாயைத் திறந்தார். நிரஞ்சினி ஒரு துண்டைக் கரண்டியால் மசித்து ஊட்டினாள். அவர் கனநேரம் வாய்க்குள் வைத்திருந்தார்.

"விமலா, உனக்குத் தெரியாது," என்றார். "கடல் சமனிலயும் சிலது இப்பிடி இருக்கும். இறால் கூடத் திண்டதுகள். இறால் திண்டால் உள்ளுக்குச் சிவந்திரும்." மூச்சு எடுத்தார். "இது அண்டைக்கு நான் வூலமாயில பிடிச்சது. என்ன கிருபா?"

கிருபா நிமிரவில்லை. "ஓம் ஐயா," என்றான். "அது அண்டைக்கே சிவப்புத்தான்."

"பாத்தியே?" என்றார் தங்கையிடம். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தா என்று வாயைத் திறந்தார், கொடுத்தாள். "உப்பு அளவா இருக்கு," என்றார். அவ்வளவுக்குமேல் அவரால் முடியவில்லை. துவாயால் வாயைத் துடைத்தபோது கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"கிருபாக்கும் போட்டுக் குடு பிள்ளை. இருத்திக் குடு."

இத்தனை வருசமாக அப்பாவை ஏற்றவும் இறக்கவும் வந்த கிருபா அந்த வீட்டு மேசையில் ஒருநாளும் இருந்ததில்லை. காருக்குள்ளேயே இருப்பான், மிஞ்சினால் கராஜ் வாசலில் நிற்பான். வா என்று அவளும் சொன்னதில்லை. இன்றைக்கு அவன் கதிரை நுனியில் இருந்தான். அவள் சோறு போட்டு, சொதியை ஊற்றினாள். அவன் தலை குனிந்தபடி குழைத்துச் சாப்பிட்டான். ஒரு துண்டுகூட ஒதுக்கவில்லை.

"கிருபாண்ணை," என்றாள். "அந்த மீன்..."

"தண்ணி கொஞ்சம் தாங்கோ தங்கச்சி."

அவள் தண்ணி வார்த்துக் கொடுத்தாள். அவன் குடித்தான். அவன் போன பிறகு அப்பாவிடமே சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கிட்டப் போய் இருந்து, கையைப் பிடித்து, முதல் மீனுக்குப் பிறகு நான் ஒன்றையும் சமைக்கவில்லை அப்பா என்று சொல்வது. அதற்கு முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உள்ளே விமலாதேவி கூப்பிட்டாள். பெரிதாகக் கூப்பிடவில்லை. "நிரஞ்சினி, இஞ்ச ஒருக்கா வா," என்றுதான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது துவாய் இன்னும் அவர் கழுத்தில் இருந்தது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

செத்தவீட்டில் அந்தக் கதையைத்தான் எல்லோரும் கதைத்தார்கள். விமலாதேவி வந்தவர் ஒவ்வொருவருக்கும் சொன்னாள்: "தன்ர கையால பிடிச்ச மீனை, மகள்ர கையால வாங்கித் திண்டிட்டுக் கண்ணை மூடினவர்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "குடுத்து வைச்ச மனிசன்." பெண்கள் வரிசையாக வந்து நிரஞ்சினியின் கையைப் பிடித்தார்கள். "இந்த நாட்டில ஆர் பிள்ளை இப்பிடிப் பாக்கிறது? மாதக்கணக்கா எடுத்து வைச்சுச் சமைச்சுக் குடுத்திருக்கிறாய்." அவள் ஒவ்வொரு கைக்கும் தலையை ஆட்டினாள். ஸ்ரீகாந்தன் மேடையில் வாசித்த அஞ்சலியிலும் அது இருந்தது. முதல் நாள் அதை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, "அதை எடுத்துவிடுங்கோ" என்றாள். "மாமி வைக்கச் சொல்லுறா. சொன்னால் என்ன, நல்ல விசயம்தானே," என்றான் அவன். அதை வாசிக்கும்போது அவன் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசி வரிசையில் கிருபா வேலை உடுப்போடு நின்றான்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவை வார இறுதிக்குத் தள்ளினார்கள். இந்த நாட்டில் சனம் லீவு எடுக்க ஏலாது. அதுவரைக்கும் வீட்டில் மரக்கறிதான். செலவன்றைக்கு மட்டும் இறந்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் திரும்ப மரக்கறி.

செலவுக்கு முதல்நாள் விமலாதேவி விரல் விட்டுச் சொன்னாள். "இறைச்சி ஒண்டு. இறால் ஒண்டு. சமனுக்கு நீ அலைய வேண்டாம். அண்டைக்குச் சமைச்ச மீனில மிச்சம் இருக்கல்லே? அதையே வைப்பம். அவர் பிடிச்சதையே அவருக்கு வைப்பம்."

"ஓம் மாமி," என்றாள் நிரஞ்சினி. சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

மோர்னிங்டன் பாலத்தில் நல்ல காற்று. அப்பாவை அவள் ஒருநாளும் இங்கே இறக்கிவிட்டதில்லை. எங்கே இருப்பார், எந்தப் பக்கம் தூண்டில் போடுவார் என்று தெரியாது. நடுவில் ஒரு வியட்நாமிய அம்மா சின்ன முக்காலியில் இருந்தாள். பக்கத்தில் வாளி நிறைய மீன். சமன் வேண்டும் என்று நிரஞ்சினி கேட்டாள். அந்த அம்மா சிரித்து, இரண்டு சாதியும் கலந்து கிடக்கிறது, தேவையானதை எடு என்று வாளியைக் காலால் தள்ளினாள்.

நிரஞ்சினி குனிந்தாள். எல்லாம் ஒரேயளவு. எல்லாம் வெள்ளி. சிலதின் வாலில் கறுப்பு இருந்தது, சிலதில் இல்லை. கறுப்பென்று அப்பா ஏதோ சொல்வார். வாயா, வாலா? கறுப்பிருந்தால் சமனா, இருந்தால் சமன் இல்லையா? எத்தனை பேருக்குச் சொன்னார். அவள் தேத்தண்ணித் தட்டோடு எத்தனை தரம் அந்தக் கதையைக் கடந்து போயிருப்பாள். அவர் குரல் முழுக்க ஞாபகம் இருந்தது, சொன்னது இல்லை. கிருபாவுக்கு எடுத்துக் கேட்கலாம் என்று ஃபோனைத் திறந்தாள். என்னவென்று கேட்பது? மூடிவிட்டாள்.

"எது?" என்று அந்த அம்மா இங்கிலீசில் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் நிரஞ்சினி. "இரண்டிலயும் தாங்கோ."

வீட்டுச் சிங்கில் அவற்றைக் கொட்டியபோது விமலாதேவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதென்ன மீன்? அந்தச் சமன் எங்க?"

"அது கடையில வாங்கினது மாமி."

"எது?"

"அண்டைக்கு அப்பாக்குக் குடுத்தது. அவர் பிடிச்சதை நான் எறிஞ்சிட்டன். அதை மட்டுமில்லை. எல்லாத்தையும். கொண்டு வரக் கொண்டு வர எறிஞ்சனான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. விமலாதேவி அதை நிறுத்தினாள்.

"அண்ணைக்குத் தெரியுமே?"

"கண்டவுடனே தெரியும்."

விமலாதேவி கதிரையை இழுத்து இருந்தாள். செத்தவீட்டில் தான் சொன்ன ஒவ்வொருவருடைய முகமும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து மடியில் வைத்துக் கசக்கினாள். "இறால் திண்டதாம்," என்றாள். பிறகு எழும்பிக் கத்தியைத் தேடி எடுத்தாள். "செதிலை எனக்குக் கழிக்க ஏலாது, கை நோகும். நீ கழி. நான் வெட்டித் தாறன்."

அடுத்த நாள் அப்பாவின் அறையில், அவர் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துப் படைத்தார்கள். சோறு, இறைச்சி, இறால், இரண்டு கிண்ணத்தில் சாம்பல் நிற மீனோடு சொதி. கிருபா அந்த இரண்டு கிண்ணத்தையும் பார்த்தான். நிரஞ்சினி அவன் ஏதாவது சொல்வானோ என்று நின்றாள். அவன் குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டு வெளியே வந்தான். கடைசியாக அவள் வந்து கதவைச் சாத்தினாள்.

நடைபாதையில் எல்லோரும் சொக்ஸ் காலோடு நெருக்கமாக நின்றார்கள். ஒருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. யாருடையதோ ஃபோன் அடித்து நின்றது. வழக்கமாக ஒரு தேவாரம் படிக்கிற நேரம்தான் சாத்தி வைப்பார்கள். அந்த நேரம் முடிந்து, அதற்கு மேலும் போனது.

"காணும் நிரா," என்றான் ஸ்ரீகாந்தன் மெதுவாக. "சனம் பசியோட நிக்குது. திறவும்."

அவள் கைப்பிடியில் கையை வைத்தாள். வைத்தாளே தவிரத் திருப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் நேரம்," என்றாள். "முள்ளுக் கூடின மீன்."

விமலாதேவி சுவரில் சாய்ந்துகொண்டாள். கிருபா குனிந்து நிலத்தைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.